பாஸ்வேர்டு கோப்பு அழிந்த பிறகு: ரூட்டாக உள்ளே திரும்ப எந்த வழி?

வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகம் பாதி காலியாகிவிட்ட நேரம். டெபியன் லினக்ஸில் ஓடும் எங்கள் கோப்பு சர்வரில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்க வேண்டிய இடம் ஈடிசி அடைவிலுள்ள பாஸ்வேர்டு கோப்பு. ஆங்கிலத்தில் ஓ, ஆர் இரண்டு எழுத்துகளையும் விழுங்கிவிட்டு எழுதுகிறார்களே, அதேதான். ரூட் எனப்படும் முழு அதிகாரப் பயனராக ஒரு கட்டளையை ஓட்டவிடும் சூடோவோடு, கோப்பில் எழுதும் 'டீ' என்ற கட்டளையைக் கொடுத்தேன். 'இருப்பதை அழிக்காதே, கடைசியில் சேர்' என்று அதற்குச் சொல்ல ஒரு சிறு கோடும் ஏ என்ற எழுத்தும் போட வேண்டும். நான் போடவில்லை. 38 வரிகள் இருந்த கோப்பில் நான் புதிதாக எழுதிய அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

அடுத்த கட்டளைக்கு சூடோ கொடுத்த பதில், பாஸ்வேர்டு தரவுத்தளத்தில் நீங்கள் இல்லவே இல்லை என்பது. கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லை இன்னொரு ஜன்னலில் திறந்தேன். என் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஐ ஹேவ் நோ நேம்!' என்று வந்தது. பாஷ் ஷெல்லை எழுதியவர்கள் இந்த நிலைமைக்கென்றே யோசித்து வைத்த வாசகம் அது. பெயரில்லாதவனாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நகைச்சுவை புரியும், அதுவும் சில மாதம் கழித்து.

முதலில் தோன்றியது சர்வரை அணைத்துப் போடலாம் என்பதுதான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"அண்ணா, ரீபூட் செய்துவிடட்டுமா?"

"பொறு தம்பி. இப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று முதலில் சொல்."

எல்லாமே ஓடிக்கொண்டிருந்தது. கோப்புப் பகிர்வு, தரவுத்தளம், அச்சு வரிசை, எதுவும் நிற்கவில்லை. அது ஏன் என்று புரிந்தால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதும் பாதி புரிந்துவிடும்.

லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்குப் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும். ரூட் என்றால் 0. டெபியனில் முதலில் சேர்க்கப்படும் சாதாரணப் பயனர் 1000. ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது அதன் மீது எந்த எண் ஒட்டப்பட்டதோ தானே மாற்றிக்கொண்டாலொழிய அந்த எண்ணோடுதான் கடைசி வரை ஓடும். பாஸ்வேர்டு கோப்பு செய்வது பெயரையும் எண்ணையும் இணைப்பது மட்டுமே. ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரித்த ஏழு புலங்கள்: பெயர், கடவுச்சொல் இருந்த இடம், பயனர் எண், குழு எண், விவரக் குறிப்பு, வீட்டு அடைவு, ஷெல். இந்தப் பட்டியல் போனால் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை அது வெளியே தள்ளாது.

இரண்டாவது புலத்தை 'கடவுச்சொல் இருந்த இடம்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. யூனிக்ஸின் ஆரம்ப காலத்தில் குறியாக்கம் செய்த கடவுச்சொல் அந்தப் புலத்திலேயே, எல்லோரும் படிக்கும்படி இருந்தது. அப்படி விட்டதன் விளைவு 2019 வரை நீண்டது. பழைய பெர்க்லி யூனிக்ஸ் மூல நிரலோடு கிடைத்த ஒரு பாஸ்வேர்டு கோப்பிலிருந்து, யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனின் கடவுச்சொல்லை அந்த ஆண்டு உடைத்துக் கண்டுபிடித்தார்கள். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தும் சதுரங்கத் தொடக்கத்தைப் பழைய குறியீட்டில் எழுதி வைத்திருந்தார் மனிதர். இப்போதெல்லாம் அந்தப் புலத்தில் எக்ஸ் என்ற எழுத்து மட்டும் நிற்கும். உண்மையான சரக்கு ஷேடோ என்ற தனிக் கோப்பில், ரூட் மட்டும் தொடக்கூடியதாக இருக்கிறது.

எனவே பாஸ்வேர்டு கோப்பை அழித்தவர் கடவுச்சொல்லை இழக்கவில்லை. 'ரூட் கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று தொடங்கும் வழிகாட்டிகளைப் பின்பற்றினால் கடைசிப் படியில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார்கள். ரூட் என்றொரு பயனரே இல்லை என்று கட்டளை கைவிரித்துவிடும். பூட்டு, சாவி இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. தொலைந்தது யார் யார் எந்த வீடு என்ற பட்டியல்.

இந்த நிலையில் வழிகளை எப்படி ஒப்பிடுவது? எது வேகமானது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்த வழிக்கு ரீபூட் தேவையா? மிஞ்சியிருக்கும் தடயங்களை இது கெடுக்குமா? ரீபூட் செய்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளும் திரும்ப எழுந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் என்ற பயனராக ஓட வேண்டிய தரவுத்தளத்தைத் தொடங்க, சேவைகளைக் கிளப்பும் நிரலான சிஸ்டம்டி முயலும். அப்படி ஒரு பயனர் இல்லை என்பதால் 217 என்ற பிழை எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். தொலைவிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கும் தனக்கென்று ஒரு பயனர் வேண்டும்; அந்த வரி இல்லையென்றால் அதுவும் கிளம்பாது. தொலைவிலுள்ள சர்வரை அவசரத்தில் ரீபூட் செய்தவருக்கு இருந்த ஒரே வாசலும் அடைபட்டுவிடும்.

உள்ளே ஏற்கெனவே இருக்கும் ரூட்

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, எங்காவது ஒரு ரூட் ஷெல் திறந்து கிடக்கிறதா என்பது. இணைப்பு துண்டித்த பிறகும் உயிரோடிருக்கும் டிமக்ஸ் அமர்வு, மறந்துபோன இன்னொரு ஜன்னல், சர்வர் அறைத் திரை, சக ஊழியரின் மடிக்கணினி என்று எல்லாவற்றையும் பாருங்கள். அந்த ஷெல் 0 என்ற எண்ணோடு பிறந்தது. கோப்பு அழிந்ததால் அதன் அதிகாரம் ஒரு இம்மியும் குறைந்திருக்காது. இருக்கிற வழிகளிலேயே இதுதான் சிறந்தது, சந்தேகமே வேண்டாம்: ரீபூட் இல்லை, சேவைகள் நிற்பதில்லை, இரண்டு நிமிட வேலை.

ஷெல் இல்லாவிட்டாலும் ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும் வேறு நிரல் ஏதாவது உங்கள் பேச்சைக் கேட்கக்கூடும். பப்பெட், சால்ட் போன்ற நிர்வாகக் கருவிகளின் ஏஜென்ட் பொதுவாக ரூட்டாகவே ஓடும். மைய சர்வரிலிருந்து சரியான கோப்பை அனுப்பச் சொல்லலாம். அதே வகைக் கருவியான அன்சிபிளை நம்ப வேண்டாம். அது எஸ்எஸ்எச், சூடோ வழியாக வரும் ஆள், வாசலிலேயே நின்றுவிடும்.

நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் இருக்கும் இயந்திரங்களில் இன்னொரு பக்கவழி உண்டு. நீங்கள் டாக்கர் குழு உறுப்பினராக உள்ளே நுழைந்திருந்து, அந்த அமர்வு இன்னும் திறந்திருந்தால், குழு எண் உங்கள் ஷெல்லோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இயந்திரத்தின் மூல அடைவு முழுவதையும் உள்ளே இணைத்து ஒரு கண்டெய்னரைக் கிளப்புங்கள். அதற்குள் நீங்கள் ரூட். இணைத்த அடைவு வழியே உண்மையான பாஸ்வேர்டு கோப்பைத் தொடலாம். ரூட் இல்லாத முறையில் டாக்கரை நிறுவியிருந்தாலோ, பயனர் எண்களை மாற்றியமைக்கும் வசதியை இயக்கியிருந்தாலோ இது பலிக்காது. இந்தப் பத்தியைப் படித்து 'அப்படியானால் டாக்கர் குழுவில் யாரைச் சேர்த்தாலும் ரூட் கொடுத்த மாதிரியா?' என்று திடுக்கிட்டீர்களானால், ஆமாம், அந்த மாதிரிதான்.

க்ரப் திரையா, யூஎஸ்பியா?

உள்ளே ரூட் யாரும் இல்லை. இயந்திரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இப்போது ரீபூட்டைத் தவிர்க்க முடியாது. போட்டி, பூட் ஆகும்போது முதலில் வரும் க்ரப் திரைக்கும், பென் டிரைவிலிருந்தே ஒரு இயங்குதளத்தை ஓட்டும் நேரடி யூஎஸ்பிக்கும்தான்.

க்ரப் பட்டியல் வந்ததும் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில், முதல் நிரலாக சிஸ்டம்டிக்குப் பதில் பாஷைத் தொடங்கச் சொல்லும் 'இனிட்' குறிப்பைச் சேர்த்து, கன்ட்ரோலோடு எக்ஸ் விசையை அழுத்தினால் நேராக ரூட் ஷெல்லில் விழுவீர்கள். கெர்னல் தொடங்கும் முதல் நிரலுக்கு எண் 0 தானாகவே கிடைக்கும். பாஸ்வேர்டு கோப்பை யாரும் கேட்கவே மாட்டார்கள். உபுண்டுவில் பட்டியல் மறைந்திருந்தால் பழைய பயாஸ் இயந்திரத்தில் ஷிப்ட் விசையைப் பிடித்தபடியும், யூஇஎஃப்ஐ இயந்திரத்தில் எஸ்கேப்பைத் தட்டியும் வரவழைக்கலாம்.

கூடுதல் சாமான் எதுவும் தேவையில்லை என்பது இதன் பலம். ஆனால் இந்த ஷெல் வெறும் எலும்புக்கூடு. வட்டு படிக்க மட்டும் என்ற நிலையில் வந்திருக்கும். எழுதும்படி மறுபடி மவுண்ட் செய்ய, அதாவது இணைக்க, வேண்டும். வேலை முடிந்ததும் பழக்கத்தில் 'எக்சிட்' அடித்தால், முதல் நிரல் செத்துவிட்டது என்று கெர்னல் பீதியாகி அப்படியே உறைந்துவிடும். 'சிங்க்' கட்டளையால் எழுதியதை வட்டுக்கு அனுப்பிவிட்டு, வலுக்கட்டாய ரீபூட் கொடுக்க வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் இதற்கு இணையான வழியின் பெயர் 'ஆர்டி பிரேக்'. அங்கே உங்கள் வட்டு சிஸ்ரூட் என்ற அடைவின் கீழ் இருக்கும். எழுதும்படி மவுண்ட் செய்து, அந்த அடைவையே மூல அடைவாக்கும் சிஎச்ரூட் கொடுத்து உள்ளே போய்த் திருத்த வேண்டும். வெளியேறும் முன் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்குக்காக 'ஆட்டோரீலேபில்' என்ற வெற்றுக் கோப்பை மூல அடைவில் வைக்க மறக்கக்கூடாது. மறந்தால் கோப்பு சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் இன்னொரு மாலை போகும்.

க்ரப்பில் 'ரெகவரி' என்று தயாராக ஒரு வரி இருக்கும்போது இத்தனை எதற்கு என்று கேட்கலாம். அந்த வழி ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும் சிறு நிரலில் போய் முடிகிறது. ரூட் கணக்கைப் பூட்டி வைத்த டெபியனில் 'ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பட்டியலே அழிந்த நேரத்தில் பட்டியலைப் பார்த்து அனுமதிக்கும் வாசலுக்குப் போவதில் அர்த்தமில்லை. நான் அதை முயல்வதே இல்லை.

நேரடி யூஎஸ்பி மெதுவானது. பென் டிரைவ் தயாரிக்க வேண்டும், பூட் வரிசையை மாற்ற வேண்டும், சிலவற்றில் கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். வட்டு லக்ஸ் முறையில் குறியாக்கப்பட்டிருந்தால் நீங்களே திறக்க வேண்டும், வட்டைப் பகுதிகளாக நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால் நீங்களே எழுப்ப வேண்டும். க்ரப் வழியில் இதையெல்லாம் பூட் நடக்கும்போதே இயந்திரம் பார்த்துக்கொள்ளும். குறியாக்கச் சொற்றொடரை மட்டும் கேட்கும். இருந்தும், கோப்பில் என்ன எழுதுவது என்று தெளிவாகத் தெரியாத நிலையில் நான் யூஎஸ்பியைத்தான் எடுப்பேன். முழுமையான இயங்குதளம் அது. இணையம் இருக்கும், நல்ல எடிட்டர் இருக்கும், பழைய வட்டைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்துவைக்க இடம் இருக்கும். பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் குழு கோப்பையும் ஷேடோவையும் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எழுதலாம். காப்பு நகல் இருப்பது உறுதியென்றால் க்ரப். எதையும் புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் யூஎஸ்பி. க்ரப்புக்கே கடவுச்சொல் போட்டு வைத்திருக்கும் கெட்டிக்காரர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது, யூஎஸ்பிதான்.

சர்வர் கிளவுடில் இருந்தால்

விசைப்பலகையே இல்லாத இயந்திரம். அமேசான் சேவையை எடுத்துக்கொண்டால், சர்வரை நிறுத்தி, அதன் வட்டைக் கழற்றி, வேறொரு சர்வரில் இரண்டாவது வட்டாக மாட்டி, திருத்தி, பழைய இடத்தில் பழைய சாதனப் பெயரிலேயே திரும்ப மாட்டுவதுதான் நம்பகமான வழி. யூஎஸ்பி முறையின் கிளவுட் வடிவம் என்று சொல்லலாம். நிறுத்துவதற்கு முன்னால் இரண்டைச் சரிபாருங்கள். இன்ஸ்டன்ஸ் ஸ்டோர் எனப்படும் தற்காலிக வட்டில் ஏதாவது இருந்தால் நிறுத்தியதும் போய்விடும். எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான முகவரி வாங்காமல் இருந்தால் பொது முகவரி மாறிவிடும்.

உதவி சர்வரையும் அதே இமேஜிலிருந்து (தயார்நிலை வட்டு நகல்) உருவாக்கியிருந்தால் இரண்டு வட்டுகளுக்கும் அடையாள எண் ஒன்றாக இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை மவுண்ட் செய்ய மறுக்கும். அடையாள எண்ணைப் பொருட்படுத்தாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும். இதைவிட மோசம், வட்டை மாட்டிவிட்டு உதவி சர்வரை ரீபூட் செய்தால் அது உடைந்த வட்டிலிருந்தே பூட் ஆகிவிடக்கூடும். ஒரு நோயாளி இரண்டாகிவிடுவார். வேறு விநியோகத்தின் இமேஜை எடுத்து, அது ஓடத் தொடங்கிய பிறகு வட்டை மாட்டுங்கள்.

சர்வரின் திரையைத் தொலைவிலிருந்தே காட்டும் சீரியல் கன்சோல் இருக்கிறதே என்று சிலர் அங்கே ஓடுவார்கள். பூட் நேரத்தில் க்ரப்பைப் பிடிக்க முடிந்தால் பயன்படும். சாதாரண நுழைவுத் திரைதான் வருகிறதென்றால் அதுவும் இல்லாத பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடும்.

புதிதாக நிறுவுவது, முன்பு எடுத்த வட்டு நகலான ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது என்ற இரண்டும் மிச்சம். கோப்பு ஒன்றுக்காக இயந்திரத்தையே பின்னோக்கித் தள்ளுவது வீட்டுப் பெயர்ப்பலகை விழுந்ததற்கு வீட்டை இடிப்பது போல. சர்வரில் எதுவும் சேமிக்கப்படாமல், பத்து நிமிடத்தில் தானாக மீண்டும் உருவாகும்படி அமைத்திருந்தால் மட்டும் சரி. ஸ்னாப்ஷாட்டை அப்படியே மீட்காமல், அதை இன்னொரு வட்டாக மாட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளே போன பிறகு கையைக் கட்டுங்கள்

பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். ரூட் ஷெல் கிடைத்த மகிழ்ச்சியில் முதல் காரியமாக 'யூசர்ஆட்' கட்டளையால் தன் கணக்கை மறுபடி உருவாக்கிக்கொள்வார்கள். ஈடிசி அடைவில் பாஸ்வேர்டு கோப்பின் பெயரோடு ஒரு சிறு கோடு சேர்த்து இன்னொரு கோப்பு இருக்கும். பயனரைச் சேர்க்கும், மாற்றும் கருவிகள் ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்தை அங்கே வைத்துவிட்டுத்தான் புதியதை எழுதும். உங்கள் உயிர்நாடி அந்தக் கோப்பு. உடைந்த நிலையில் யூசர்ஆட் கொடுத்தால், உடைந்த வடிவம் போய் அந்தக் காப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, பட்டியல் காலியாக இருப்பதால் புதுக் கணக்குக்கு 1000 என்ற எண் கிடைக்கும். பழைய 1000 யாரோ, அவருடைய கோப்புகளெல்லாம் புதியவருக்குச் சொந்தமாகிவிடும்.

'பிடபிள்யூகான்வ்' இன்னும் கொடியது. பாஸ்வேர்டு கோப்பில் இல்லாத பெயர்களை ஷேடோவிலிருந்து நீக்குவது அதன் வேலை. சரிபார்க்கும் கருவியான 'பிடபிள்யூசெக்' கூட, இந்தப் பெயருக்கு இணை வரி இல்லை, ஷேடோவிலிருந்து நீக்கட்டுமா என்று வரிக்கு வரி கேட்கும். அசதியில் ஆமாம், ஆமாம் என்று தட்டினால் அதுவரை பத்திரமாக இருந்த கடவுச்சொற்களும் போய்விடும். படிக்க மட்டும் செய்யும் ஆர் குறியோடு மட்டுமே அதை ஓட்டுங்கள்.

முதல் வேலை நகல்: கோடு போட்ட காப்பு, ஷேடோ, குழு கோப்பு மூன்றையும் வேறு அடைவுக்கு. பிறகு காப்பை, நகலெடுக்கும் 'சிபி' கட்டளையால் இடத்தில் வையுங்கள். இடம் மாற்றும் 'எம்வி' வேண்டாம், ஒரே காப்பும் கையைவிட்டுப் போகும், அதோடு காப்பின் இறுக்கமான அனுமதிகளும் சேர்ந்து வந்தால் சாதாரணப் பயனர்களால் பட்டியலைப் படிக்க முடியாது. முடிந்ததும் உரிமையாளர் ரூட், அனுமதி 644 என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பும் இல்லையென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். டெபியன், உபுண்டுவில் பேஸ்-பாஸ்வேர்டு தொகுப்போடு வரும் 'மாஸ்டர்' கோப்பில் ரூட்டிலிருந்து 65534 எண் கொண்ட நோபடி வரை அடிப்படைக் கணக்குகள் எல்லாம் இருக்கின்றன. மற்ற பெயர்களை ஷேடோவின் முதல் புலம் சொல்லும். பெயருக்கு எந்த எண் என்று வீட்டு அடைவுகளை எண் வடிவில் பட்டியலிட்டால் தெரியும். சேவைகளுக்கு வார் அடைவின் கீழுள்ள தரவு அடைவுகளைப் பாருங்கள். பெயர் ஷேடோவிலும் எண் வட்டிலும் கிடைக்க, இரண்டையும் பொருத்தும் குறுக்கெழுத்துப் போட்டிதான் மிச்சம்.

எனக்கு அந்த வேலை வரவில்லை. "சர்வர் அறைத் திரையைப் பார்த்தாயா?" என்று அண்ணா கேட்ட பிறகுதான் நினைவு வந்தது: காலையில் வட்டு மாற்றும்போது ரூட்டாக நுழைந்தவன் வெளியேறாமலே வந்திருந்தேன். பாதுகாப்பு விதிப்படி திட்டு வாங்க வேண்டிய காரியம்தான். சர்வர் அறைக்குப் போய் நகல் எடுத்து, காப்பைத் திருப்பி வைத்து, அந்தத் திரையை மூடாமலே என் மேசைக்கு வந்து புதிதாக நுழைந்து பார்த்தேன். பெயரோடு வந்தது.

திங்கள்கிழமை காலை கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த அம்மா வந்து நின்றார். எல்லோருக்கும் திறக்கிறது, தனக்கு மட்டும் திறக்கவில்லை என்றார். கோடு போட்ட காப்பு எப்போதும் ஒரு படி பின்தங்கியது. கடைசி மாற்றத்துக்கு முந்தைய பட்டியல்தான் அதில் இருக்கும். கடைசி மாற்றம் வியாழக்கிழமை நான் யூசர்ஆட் கொடுத்து அவரைச் சேர்த்தது. ஷேடோவில் அவர் பெயர் இருந்தது. வீட்டு அடைவு 1007 என்ற எண்ணில் உரிமையாளர் பெயரில்லாமல் கிடந்தது. பாஸ்வேர்டு கோப்பைத் திருத்தும் 'விஐபிடபிள்யூ' திறந்து ஏழு புலங்களையும் கையால் எழுதிச் சேமித்தேன். "கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம், பழையதே போதும் என்றேன்.